எட்மண்ட் பங்களாவின் கூடுதல் அறை

முடிச்சூர் சாலைக்குப் பின்னால் இருக்கும் எட்மண்ட் பங்களாவில் எப்போதும் தேவைக்கு மேல் ஓர் அறை இருக்கும். ரயில்வே அதிகாரி எட்மண்ட் குடியிருந்த காலத்தில் விருந்தாளிகள் கூடினால் புதிதாக ஒரு கதவு தென்படும். சமையல்காரர் அதற்குள்ளும் ஒரு விளக்கு வைத்துவிட்டு வருவார். பங்களா பிரசவ ஆஸ்பத்திரியானபோது கட்டில் இல்லையென்று யாரும் திரும்பிப் போனதில்லை. கோவளத்து மீனைப் பஸ்ஸில் கொண்டுவந்து விற்கும் பின்தெருப் பச்சையம்மா தன் மகள் தீபாவைப் பெற்றது அப்படி முளைத்த அறையில்தான். பிறகு ரேஷன் கடை, அப்புறம் டியூஷன் சென்டர். பெருவெள்ளத்தின்போது பள்ளத்தில் கிடந்த பின்தெரு முழுக்க அங்கே ஏறிப் படுத்தது. புது அறைகளுக்கு யார் சுண்ணாம்பு அடிப்பது என்பதில்தான் பிற்பாடு சண்டை வந்தது.

கடைசியாக வாங்கிய ஹேமநாத் அதைக் காபி ஷாப் ஆக்கினான். பங்களா கைமாறும்போதெல்லாம் பால் காய்ச்சி, முதல் டம்ளரைப் பின்தெருவுக்குக் கொடுப்பது வழக்கம். ஹேமநாத் கேட்டைப் பூட்டிவிட்டுப் பால் காய்ச்சினான். அன்றைக்கே பச்சையம்மாவுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த ஐப்பசியில் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. மத்தியானம், நிறைமாதத் தீபாவைப் பிடித்துக்கொண்டு பச்சையம்மா கேட்டில் நின்றாள். தெருவே பின்னால் நின்றது.

“கேட்டத் தொற சார். பொண்ணுக்கு வலி எடுத்துகினு கீது.”

“உள்ள புது மரத்தரை போட்டிருக்கு அக்கா, ஈரம் பட்டா வீணாயிடும். ஸ்கூல்ல கேம்ப் போட்டிருக்காங்க, அங்க போங்க.”

“ஸ்கூலாண்ட கய்த்து மட்டும் தண்ணி. இந்த வூட்ல பொறந்தவ சார் இவ.”

அவன் உள்ளே போய்விட்டான். பச்சையம்மா அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். அந்தக் கும்பிடுதான் அவளுக்குத் தாளவில்லை. ஆத்திரத்தில் மதில் சுவரை ஓங்கி ஓர் உதை விட்டாள். உதைத்த இடத்தில், தெருப்பக்கமாக, ஒரு கதவு இருந்தது. உள்ளே காய்ந்த தரை, கட்டில், அடுப்பு. தெரு உள்ளே போயிற்று. ஆள் ஏற ஏற அறை நீண்டது.

அது நீண்ட அளவுக்கு ஹேமநாத்தின் பங்களா குறைந்தது. முதலில் ஏசி ஹால் காணாமல் போனது, பிறகு கிச்சன், கடைசியில் அவன் உட்கார்ந்திருந்த கவுன்ட்டர். சாயங்காலம் தீபாவுக்குப் பெண் பிறந்தபோது அவன் நனைந்தபடி வெளியே நின்றிருந்தான்.

பச்சையம்மா பால் காய்ச்சி, முதல் டம்ளரை ஜன்னல் வழியே நீட்டினாள்.

“பக்கத்து வூட்டுக்காரன் ஆச்சே, உனுக்குத்தான் மொதல்ல. அங்கியே நின்னு குடி. உள்ள வந்தா தரை ஈரமாயிடும்.”

அவன் குடித்தான். மழை விட்டதும் ஈபிக்காரர் வந்து, மதில் சுவர்க் கதவுக்குத் தனியாக ஒரு கரன்ட் மீட்டர் மாட்டிவிட்டுப் போனார்.