பொன்னன் தூங்கவில்லை

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவனைப் பார்ப்பதுபோல்தான் அர்த்தநாரி அந்தப் பயிற்சியாளரைப் பார்த்தார். தனுஷ் என்று பெயர். சட்டையின் மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. டேங்கர் லாரியின் படியில் காலை வைத்திருப்பானா என்பதே சந்தேகம். நாமக்கல் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது டேங்கர் டிரைவர்களுக்கு அவன் பாதுகாப்பாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறானாம். எல்லாம் அவர் தலையெழுத்து. லைசென்ஸைப் புதுப்பிக்க அவன் தரும் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் அர்த்தநாரியின் வண்டிச் சாவி நாளைக் காலை வேறொருவன் கைக்குப் போய்விடும்.

“பெரியவங்களுக்குப் பாடம் நடத்தக் கூடாதுங்க. அவங்க அனுபவத்துல இருந்துதான் கத்துக்குவாங்க. இது புது முறை” என்றான் தனுஷ். சொல்லிவிட்டு மதியம்வரை அவன் ஒருவனே பேசினான்.

சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் ஒரு படம் வந்தது. தொப்பூர் இறக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் டேங்கர்.

“இது நிஜமா நடந்தது. டிரைவர் தூங்கிட்டார். இதுல இருந்து நாம என்ன கத்துக்கறோம்?”

அர்த்தநாரிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது பொன்னன் ஓட்டிய வண்டி. பத்து வருடம் அவரோடு முன்னும் பின்னுமாக ஓடியவன், அன்றைக்கு அதற்குள்ளேயே செத்துப்போனான்.

“ஏனுங்க சார், அவன் தூங்குலீங்க” என்று எழுந்துவிட்டார். “பின்னால வந்த வண்டி என்னுதுங்க. பிரேக் லைனிங் தேஞ்சு போச்சுன்னு மூணு தடவ ஆபீசுல சொன்னானுங்க. இந்த ஒரு நடை போயிட்டு வா, வந்ததும் பாத்துக்கலாம்னு அனுப்பிச்சுட்டாங்க. இறக்கத்துல பிரேக் புடிக்கலீங்க. ஆரன் அடிச்சுக்கிட்டே போனானுங்க. தூங்கறவன் ஆரன் அடிப்பானுங்களா?”

தனுஷின் முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்து அவரைப் படம் பிடித்தான். “சூப்பருங்கய்யா! இந்த மாதிரி அனுபவம்தான் வேணும். எல்லாரும் கை தட்டுங்க!”

தட்டினார்கள். ஒருவன் செத்த கதைக்குக் கைதட்டல்!

“அப்ப அந்தப் பாடத்த மாத்தீருவீங்களா?”

“அது மேல இருந்து வந்ததுங்கய்யா. நாம மாத்த முடியாது.”

சாயங்காலம் பரீட்சை வைத்தார்கள். பத்துக்குப் பத்து வாங்கினால்தான் சான்றிதழ். கடைசிக் கேள்வி, படத்தில் கண்ட விபத்துக்குக் காரணம் என்ன? தூக்கம், குடி, செல்போன், அதிவேகம் என்று நான்கு விடைகள். நான்குமே டிரைவரின் தப்பு. பிரேக்கும் இல்லை, ஆபீசும் இல்லை. நல்ல அனுபவப் பாடம்!

பக்கத்தில் இருந்த கரீம் பாஷா தாளை முடித்து மடித்துவிட்டார். “தூக்கம்னு டிக் அடிச்சுட்டு வாங்கண்ணே. செத்தவன் சாட்சிக்கா வரப்போறான்?”

“தூ, நீயெல்லாம் ஒரு மனுசனா?” என்றார் அர்த்தநாரி. சொன்ன வாய் சொன்னபடி இருக்க, பேனா முதல் கட்டத்துக்குமேல் போய் நின்றது. சாவியை நினைத்தார். டிக் அடித்தார். அடித்த பிறகு கரீம் பாஷாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“அர்த்தநாரி ஐயா பத்துக்குப் பத்து! அனுபவம் பேசுது பாருங்க!” என்றான் தனுஷ். மறுபடி கை தட்டினார்கள்.

காலையில் லோடு ஏற்றி நின்ற வண்டியில் ஏறி பிரேக்கை மிதித்தார். கால் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. ஆபீசுக்குப் போய்ச் சொன்னார்.

மேனேஜர் சான்றிதழை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். “அவசர லோடுங்க. இந்த ஒரு நடை போயிட்டு வாங்க, வந்ததும் பாத்துக்கலாம்.”

அர்த்தநாரி சாவியோடு நின்றார். இனித் தன் வண்டி எங்கே கவிழ்ந்தாலும் பரீட்சைத் தாளில் என்ன கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். விடையும் தெரியும். நேற்று அவர் கையாலேயே டிக் அடித்ததுதான்.