ஆள்காட்டி விரல்

விரல் வைக்கும் இயந்திரம் வரப்போகிற செய்தி வந்தபோது குட்டி காலர் தைத்துக்கொண்டிருந்தாள். பதினான்காம் மெஷின் அவளுடையது. காலர் முனை வந்ததும் ஊசியைத் துணிக்குள்ளேயே இறக்கி நிறுத்த வேண்டும், துணியைத் திருப்ப வேண்டும், அப்புறம்தான் மிதிக்க வேண்டும். அரை நொடி அவசரப்பட்டாலும் முனை மழுங்கிவிடும். குட்டி தைத்த காலர் ஒன்றுகூட மழுங்கித் திரும்பி வந்ததில்லை.

சூப்பர்வைசர் வரிசைகளுக்கு நடுவில் நின்று கைதட்டினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"எல்லாரும் கேட்டுக்கங்க. திங்கட்கிழமையிலேருந்து வருகை அட்டை கிடையாது. விரல்தான். அடையாள அட்டை அசலைக் கொண்டு வாங்க. அதுல பதிஞ்ச விரலும் நீங்க வைக்கிற விரலும் ஒண்ணா இருந்தாத்தான் கதவு திறக்கும். நான் சொன்னாலும் திறக்காது, என்னைப் பெத்தவங்க வந்து நின்னாலும் திறக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். குட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. மிதியிலிருந்து கால் தானாக இறங்கியது. ஏழு வருடமாக அவள் வேலை செய்தது அக்காவின் அடையாள அட்டையில்.

அது நடந்த விதம் இப்படி. அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த வருடம். பதினெட்டு முடிந்த அக்காவுக்கு இந்தக் கம்பெனியில் அம்மா கையைக் காலைப் பிடித்து இடம் வாங்கினாள். அடையாள அட்டையைக் காட்டிப் பெயரும் பதிந்தாயிற்று. வேலையில் சேர மூன்று நாள் இருக்கும்போது மகராசி ஒரு லாரி டிரைவரோடு கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அம்மா ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் சின்னவளுக்கு அக்காவின் பழைய சட்டையை மாட்டி, தலையை அழுந்த வாரி, கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். சின்னவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

சூப்பர்வைசர் அட்டையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "பதினெட்டா? சரி சரி, வளர்ந்துடும்" என்றார். அவ்வளவுதான் நேர்காணல். மேசை எட்டாததால் நூல்கண்டு வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்று பிசிறு வெட்டினாள். அன்றே குட்டி என்று பெயர் விழுந்துவிட்டது. அட்டையில் இருந்த பெயரைச் சொல்லி அவளை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வரிசை முழுக்க விரல் பேச்சு; அது சுற்றிச் சுற்றி, யார் எந்த வயதில் வேலைக்கு வந்தார்கள் என்பதில் வந்து நின்றது.

"எனக்கு ஒம்பது வயசு" என்றார் அயர்ன்காரர், டப்பாவைத் திறந்தபடி. "டீ கிளாஸ் தூக்குற வேலை. ஒரு கைக்கு ஆறு கிளாஸ். உடைஞ்சா ஓனர் காதைத் திருகுவான். அதான் ஒரு காது இன்னொண்ணை விட நீளம், பாருங்க."

"பொய்!" என்றாள் பட்டன்காரம்மா. "பொறக்கும்போதே அப்படித்தான் இருந்திருப்பீங்க. நான் பத்து வயசுல ஒரு வீட்டுல குழந்தை பார்த்தேன். அந்தக் குழந்தை என்னைவிடக் கனம். இடுப்புல வச்சா நான்தான் சாய்வேன். எல்லாரும் எங்கேயோ ஒரு இடத்துல சின்னப் பிள்ளையிலேயே மாட்டினவங்கதான்."

"குட்டி மட்டும் குடுத்து வச்சவ. வந்ததும் பெரிய கம்பெனி" என்றார் அயர்ன்காரர்.

"ஆமா, பெரிய கம்பெனி" என்றாள் குட்டி. "சோதனைக்காரங்க வந்தா கழிவுத்துணி ரூம்ல மூட்டைக்குப் பின்னாடி உக்காரணும். ஒரு தடவை என்னை மறந்துட்டே போயிட்டீங்க. தும்மி தும்மி மூக்கு வீங்கிப் போச்சு."

"விரலைக் காட்டு, விரலைக் காட்டு" என்று பட்டன்காரம்மா அவள் வலது கையை இழுத்துப் பிடித்தாள். ஆள்காட்டி விரலின் நுனியில், நடுவாக, ஒரு தடித்த தழும்பு ஓடியது. பதின்மூன்று வயதில் முதன்முதலாக மெஷினில் உட்கார்ந்த வாரம் ஊசி விரலுக்குள் இறங்கி மூன்று துண்டாகிப் போனது. சூப்பர்வைசர்தான் குறடு வைத்துப் பிடுங்கினார். அழாதே, அழுதால் ஆபீசுக்குக் கேட்கும் என்று சொல்லிக்கொண்டே பிடுங்கினார். அவளும் அழவில்லை. காலர்த் துணியைச் சுற்றிக்கொண்டு மத்தியானமே மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது. அடுத்த மாதம் முதல் தேதி அவள் சாம்பிள் ரூமுக்குப் போகிறாள் என்று பேச்சு முடிந்திருந்தது. சாம்பிள் ரூம் என்றால் புது டிசைனில் முதல் சட்டையைத் தைக்கிற இடம். அங்கே ஜன்னல் உண்டு. முதுகு சாய்கிற நாற்காலி உண்டு. ஐந்து வருட அனுபவம் கேட்டார்கள், ஆறு பேருக்குப் பரீட்சை வைத்தார்கள், குட்டி முதலாவதாக வந்தாள். அந்த நாற்காலியை அவள் இரண்டு முறை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அக்காவுக்கு முகம் வெளுத்தது. லாரி டிரைவர் கைவிட்டு, கைக்குழந்தையோடு அவள் திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது.

"நான் வந்து என்னடி பண்ணுவேன்? எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது."

"விரல் உன்னோடதுதானே."

"விரல் என்னோடது, வேலை உன்னோடது. இது என்ன கூத்து?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான்தான் பாவி" என்றாள். "அன்னைக்கு உன்னை உன் பேர்லயே சேர்த்திருக்கணும்."

"என் பேர்ல சேர்த்தா பன்னிரண்டு வயசுன்னு தெரிஞ்சிருக்கும்மா. எடுத்திருக்க மாட்டாங்க. விடு. நாளைக்கு மேனேஜரைப் பார்த்து நானே பேசுறேன்."

"எடுத்தோம் கவிழ்த்தோம்னு பேசி இருக்கிறதையும் கெடுத்துக்காதே."

"இருக்கிறது என்னோடதும்மா. அதைக் கேக்கத்தான் போறேன்."

மறுநாள் ஒரு காலரைத் தைத்து முடித்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டே மேனேஜர் அறைக்குப் போனாள். சூப்பர்வைசரும் அங்கே இருந்தார். அவளைக் கண்டதும் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

குட்டி ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அட்டை அக்காவுடையது, வேலை செய்தது நான், பன்னிரண்டு வயதிலிருந்து. போன வருடம் எனக்கும் சொந்த அட்டை வந்துவிட்டது. என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.

மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த மாதிரி பேசினார்.

"ஏழு வருஷம் நீ இங்க வேலை செஞ்சேன்னு நான் எழுதினா, பன்னிரண்டு வயசுப் பிள்ளையை இங்க வேலைக்கு வச்சோம்னு எழுதின மாதிரி. எழுதலாமா?"

"எழுதுங்க சார். நடந்ததுதானே."

"எழுதினா ஆர்டர் கொடுக்கிறவன் ஓடிடுவான். கம்பெனியை இழுத்துப் பூட்டணும். நானூறு பேர். உன் பட்டன்காரம்மா, அயர்ன்காரர் எல்லாரும் தெருவுக்கு வருவாங்க. பரவாயில்லையா?"

பன்னிரண்டு வயதில் தன்னைப் பெட்டிமேல் ஏற்றி நிறுத்தியவர்கள் இப்போது நானூறு பேரைத் தூக்கித் தன் தலையில் வைக்கிறார்களே என்று குட்டி பொருமினாள்.

"உங்க அக்கா திங்கட்கிழமை வரட்டும்" என்றார் மேனேஜர். "பதினான்காம் மெஷின், டெய்லர் கிரேடு, எல்லாம் அந்தப் பேர்ல இருக்கு. திடீர்னு ஆள் காணாமப் போனா கேள்வி வரும். நீயும் வா. புது ஆளாச் சேர்ந்துக்கோ. ஆறு மாசம் பிசிறு வெட்டு, அப்புறம் மெஷின் பார்க்கலாம்."

"சாம்பிள் ரூம் சார்?"

"அதுக்கு அஞ்சு வருஷம் அனுபவம் வேணுமே."

அவள் காலரை மேசைமேல் வைத்தாள். "இதைத் தைச்சது யாருன்னு இவரைக் கேளுங்க சார்."

சூப்பர்வைசர் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கவில்லை. "நல்ல பொண்ணுதான்" என்று பொதுவாகச் சொன்னார்.

அறையை விட்டு வரும்போது காலரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அதை அவர்களிடம் விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் தையல் பள்ளிக்கூடம் நடந்தது. மெஷினுக்கு எங்கே போவது? சாப்பாட்டு மேசைதான் மெஷின், தரையில் கவிழ்த்துப் போட்ட செருப்புதான் மிதி. அக்கா செருப்பை மிதித்தாள், குட்டி வாயால் மெஷின் சத்தம் போட்டாள். குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

"முனை வந்தா நிறுத்து. ஊசி உள்ளேயே இருக்கணும். வெளியே எடுத்துட்டுத் திருப்பினியோ, போச்சு."

"விரல்ல ஏத்திக்கிட்டா?"

"ஏத்திக்காம இருக்கத்தானே சொல்லித் தர்றேன். எனக்கு யாரும் சொல்லித் தரலை."

அக்கா காலை எடுத்தாள். "உன் இடத்துல போய் நான் உக்கார்றதா? வேண்டாம்டி. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு."

"நீ போய் உக்காரு. அந்த மெஷின் நம்ம வீட்டை விட்டுப் போகக் கூடாது. உன் குழந்தைக்குப் பால் வாங்கணும். ஆனா என் ஏழு வருஷத்தை நான் விட்டுட்டேன்னு நினைக்காதே. கேட்டுக்கிட்டே இருப்பேன். தினமும் கேப்பேன். அவங்க காது புளிச்சுப் போற வரைக்கும் கேப்பேன்."

திங்கட்கிழமை காலை வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை நின்றது. கதவோரம் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. பக்கத்தில் மேசை போட்டு ஒரு இளம் கிளார்க் உட்கார்ந்திருந்தான், அவனும் புதியவன்தான். அயர்ன்காரரின் விரலை இயந்திரம் மூன்றாவது தடவைதான் ஏற்றுக்கொண்டது. "சூட்டுல வெந்த விரல் தம்பி, கொஞ்சம் பொறுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்காவின் முறை வந்தது. அட்டையை நீட்டினாள், விரலை வைத்தாள். வைத்த மாத்திரத்தில் பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது.

"ஏழு வருஷ சர்வீஸ். டெய்லர். பதினாலாம் மெஷின்" என்று கிளார்க் திரையைப் பார்த்துப் படித்தான். "நீங்க போலாம் மேடம்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "போ, போ" என்று குட்டி கையை அசைத்தாள். "முனை வந்தா நிறுத்து."

அடுத்து குட்டி தன் சொந்த அட்டையை நீட்டினாள். கிளார்க் ஒரு படிவத்தை நகர்த்தினான். பெயர், வயது, முகவரி என்று அவள் நிரப்பிக்கொண்டே வந்தாள். முன் அனுபவம் என்ற இடத்தில், 'ஏழு வருடம், இதே கம்பெனி, காலர்' என்று அழுத்தி எழுதினாள்.

"இப்படி எழுதக் கூடாதும்மா. புது ஆளுங்க எல்லாருக்கும் 'இல்லை'ன்னுதான் போடச் சொன்னாங்க." அவன் அதை அடித்துவிட்டு மேலே 'இல்லை' என்று எழுதினான். அவள் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே மறுபடியும் அதையே எழுதினாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கிளார்க் பெருமூச்சு விட்டுப் படிவத்தை மடித்து வைத்தான்.

"விரலை வை. ஆள்காட்டி விரல்."

வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"துடைச்சிட்டு வை."

துடைத்து வைத்தாள். சிவப்பு. ஊதி வைத்தாள். சிவப்பு. கிளார்க் அவள் கையைத் திருப்பிப் பார்த்தான்.

"என்னம்மா இது? குறுக்கே இவ்வளவு பெரிய தழும்பு. சுத்தி ரேகையே இல்லையே, தேஞ்சு போயிருக்கு. புதுசா வேலைக்கு வர்றவங்க விரல் இப்படி இருக்காதே. வேற விரலை வை."

"இதைத்தான் வைப்பேன்" என்றாள் குட்டி.

உள்ளே மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. அத்தனை சத்தத்திலும் பதினான்காம் மெஷினின் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்டது. இரண்டு தையல் ஓடி, நின்று, தயங்கித் தயங்கி மறுபடி ஓடியது. அவள் விரலைக் கண்ணாடியில் இன்னும் அழுத்தமாக வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.