இருமுறை கழித்த வேகம்

அண்ணன் தொலைநோக்கியில் பார்ப்பார். தங்கை அலுவலகத்தில் உட்கார்ந்து அளப்பாள். பத்து வருஷமாக ஒரே ஆய்வகம், ஒரே ஜோடி நட்சத்திரம். அதில் ஒன்று எரிந்து முடிந்து சுருங்கியது. அது மற்றதன் வாயுவை இழுத்துத் தன்னைச் சுற்றித் தட்டுப்போலச் சுழலவிடுகிறது. அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஹைட்ரஜன் கோடு இரண்டு கொம்போடு நிற்கும். தட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் விலகிப் போகிறது.

போன வருஷம் அந்தக் கொம்புகள் இரண்டும் சேர்ந்தே மெல்ல இடமும் வலமும் நகர்வதைக் கண்டார்கள். ஒரு சுற்றுக்கு முந்நூற்று எழுபத்தோரு நாள். மூன்றாவது நட்சத்திரம் ஒன்று ஜோடியை ஆட்டுகிறது என்று கட்டுரை எழுதினார்கள். பத்திரிகையும் ஏற்றுக்கொண்டது. அதற்குள் அண்ணனுக்கு நுரையீரல் கைவிட்டது. டாக்டர் வாரக் கணக்கில்தான் பேசினார். அச்சில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டு கிடந்தார்.

அச்சுக்குப் போகுமுன் இந்த வருஷத்து அளவுகளையும் சேர்த்துப் பார்த்தாள் தங்கை. சுற்று முந்நூற்று அறுபத்தைந்தே கால் நாளில், சரியாகப் பூமியின் ஒரு வருஷத்தில், வந்து நின்றது. பூமி சூரியனைச் சுற்றி ஓடுகிற வேகத்தைக் கழித்துவிட்டுத்தான் எதையும் அளக்க வேண்டும். அவள் கழித்திருந்தாள். அண்ணனின் கோப்புகளைத் திறந்து பார்த்தால், அவரும் கழித்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார், தங்கைக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, நாலு வருஷமாக. இவள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. இரண்டாம் தடவை கழித்த வேகம்தான் கோட்டில் ஆட்டமாகத் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிப் படி ஏறும்வரை, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தாள். அண்ணி வாசலிலேயே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவானாலும் அவரிடம் இப்போது வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவரே ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டுக் கேட்டார்.

“என்ன பாப்பா, புது அளவு சேர்த்துட்டியா? எத்தனை நாள் வருது?”

ஐம்பது தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான். பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாள்.

அவர் அவள் பக்கம் திரும்பி, நீயுமா கழித்தாய் என்று மெதுவாகக் கேட்டார். தலையசைத்தாள்.

“அப்ப ஆடுனது அது இல்ல. நாமதான்.”

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அண்ணி முதுகைத் தடவிவிட்டாள். தவறு தன்னுடையது என்று எழுதி, தன் பெயரை மட்டும் போட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகத் தங்கை சொன்னாள். அவர் வேண்டாமென்று கையாட்டினார்.

“ரெண்டு பேரும்தானே கழிச்சோம். என் பேரை எதுக்கு விடுறே?”

மடியில் வைத்தே கடிதத்தை எழுதினாள். அவர் கையெழுத்துப் போட அண்ணி முழங்கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, கொம்பு ரெண்டும் சரிதானே என்று கேட்டார். அது சரிதான் அண்ணா என்றாள்.

பத்திரிகையின் பதில் பன்னிரண்டாம் நாள் வந்தது, இருவர் பெயருக்கும். அவள் மட்டும் பிரித்துப் படித்தாள்.