சாவு வீட்டில் ஒரு பரீட்சை

"அக்கா, அப்பா சாப்பிட்டாரா?"

வாலு மறுபடியும் கேட்டாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். கால்பந்துச் சீருடையைக்கூட மாற்றாமல் அவர் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். "புத்தி பேதலிச்சுப் போச்சே என் தங்கத்துக்கு!"

அக்கா இன்னும் அழவில்லை. அம்மா போனதிலிருந்து வீடு அவள் தலையில். காலையில் லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த சேதி வந்ததும், மைதானத்துக்கு ஆள் அனுப்பித் தங்கையை வரவழைத்தவளும் அவள்தான். விஷயத்தைச் சொன்னதும் வாலு கதறினாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். திரும்பவும் சொன்னதற்கு, முதல் தடவை கேட்பவளைப் போலவே கதறினாள். துக்கம் இப்படியா இருக்கும்?

துக்கம் விசாரிக்க வந்த கால்பந்து கோச், வாலுவின் கண்களைப் பார்த்ததும் அங்கேயே மண்டியிட்டார்.

"பந்துக்கு எம்பினப்போ இன்னொரு பொண்ணோட தலையில இவ தலை மோதிடுச்சு. நான் சோதிச்சுப் பார்க்கறதுக்குள்ள சேதி வந்துடுச்சு. அப்படியே அனுப்பி வச்சுட்டேன்," என்றார் அக்காவிடம். பிறகு வாலுவிடம், "மாசத்தையெல்லாம் டிசம்பர்லேர்ந்து பின்னாடி சொல்லு, பார்ப்போம்."

"சாவு வீட்ல வந்து பரீட்சை வைக்கறீங்களே!" என்றார் சித்தப்பா.

"சீசன் ஆரம்பத்துல எல்லாருக்கும் வச்சதுதாங்க. பின்னாடி அடிபட்டா ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு. அன்னிக்கு இவ மூச்சு விடாம சொன்னா."

"டிசம்பர்... நவம்பர்..." ஊரையே விலைபேசும் வாய் அப்படியே நின்றது. வாலு சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். "மார்ச்சா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே. அடி மூளையைப் பாதிச்சிருக்கும்போல," என்றார் கோச்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்துடுவோம்மா. பெத்த பொண்ணு கடைசியா கூட நிக்க வேணாமா? நாளைக்கு ஏன் போக விட்டீங்கன்னு என்னைத்தானே கேப்பா?" சித்தப்பாவின் குரல் உடைந்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

"என்னைக் கேக்கட்டும் சித்தப்பா. கேக்கறதுக்கு அவ நல்லா இருக்கணுமில்ல? எங்களுக்காகக் காத்திருக்க வேணாம். எடுத்துடுங்க."

அப்பாவின் நெற்றியில் ஒரு தரம் கை வைத்துவிட்டு, தங்கையை அணைத்து எழுப்பினாள்.

கோச்சின் காரில் வாலு அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா, அப்பா எங்க?"

இன்னொரு தடவை அவளைக் கதறவிட அக்காவுக்கு மனம் வரவில்லை.

"வீட்லதான் இருக்காரு."

"சரி," என்று வாலு கண்ணை மூடினாள். எதிரே அமரர் ஊர்தி வந்தது. தெரு குறுகலானது. அது வீட்டுப் பக்கம் போவதற்காகக் கோச் காரை ஓரம்கட்டி வழிவிட்டார்.