ஏறும்போது இறங்கியது

பயத்தைப் பற்றி மூன்று புத்தகம் எழுதிய அந்த மனநல நிபுணர் லிஃப்டில் கால் வைத்துப் பதினெட்டு வருடமாயிற்று. யாராவது கேட்டால், "இதயத்துக்கு நல்லது" என்று படிக்கட்டைக் காட்டுவார். அவர் புத்தகத்தில் இதற்குத் 'தவிர்த்தல்' என்று பெயர். நாற்பது பக்கம் ஓடுகிறது. ஆனால் அது நோயாளிகளுக்காக எழுதியது.

இப்போது முழங்காலில் மாவுக்கட்டு, கையில் ஊன்றுகோல். ஆஸ்பத்திரியின் எட்டாம் மாடியில் தங்கைக்கு நான்கு மணிக்கு ஆபரேஷன். மூன்றரைக்குக் கைபேசி அடித்தது.

"அண்ணா, எங்க இருக்க?"

"கீழதான். லிஃப்ட் பக்கத்துல."

"பக்கத்துலயே இருந்தா எப்படி? உன்னப் பாக்காம உள்ள போகமாட்டேன்னு சொல்லிட்டேன். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றியே, எனக்கு நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லு."

லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிற அம்மாள், அவர் ஏறாமலே நான்கு நடை விட்டுவிட்டதைப் பார்த்தாயிற்று.

"வரீங்களா சார்?"

நிபுணர் தொண்டையைச் செருமினார். "எட்டாம் மாடி. தங்கைக்கு நாலு மணிக்கு ஆபரேஷன். ஆனா படிப்படியான எதிர்கொள்ளல்னு ஒரு முறை இருக்கும்மா. முதல்ல சின்ன பயத்துலேர்ந்து பெரிய பயம் வரைக்கும் பட்டியல் போடணும். அதுக்கே ரெண்டு நாள்..."

"ஆபரேஷன் நாலு மணிக்குன்னீங்க. சும்மா உள்ள வந்து நில்லுங்க. கதவு திறந்தே இருக்கட்டும்."

நின்றார். கதவை மூடி, உடனே திறந்தாள். மறுபடி மூடி, கொஞ்சம் பொறுத்துத் திறந்தாள். அடுத்த முறை திறந்தபோது முதல் மாடி வந்திருந்தது. பட்டியல் பாதி முடிந்துவிட்டதை நிபுணர் அப்போதுதான் உணர்ந்தார்.

"எட்டுக்குப் போலாமா?"

தலையாட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடினார். சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நூறிலிருந்து பின்னோக்கி எண்ணினார்.

"கம்பிய விடுங்க சார்."

"இதுக்குப் பேரு பாதுகாப்பு நடத்தை..."

"என்னமோ. கம்பியப் புடிச்சுட்டு வந்தவங்க நாளைக்கும் கம்பியத்தான் தேடுறாங்க. எண்ணாதீங்க. கண்ணத் திறங்க."

விட்டார். திறந்தார். நெஞ்சு இடிக்கத் தொடங்கியது.

முப்பது வருடமாகக் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்திருக்கிறார். பயம் ஏறும், உச்சியில் நிற்கும், ஓடாமல் இருந்தால் தானே இறங்கும். மாணவர்கள் பார்த்து வரைந்து மதிப்பெண் வாங்கிப் போனார்கள். வரைந்தவர் அந்த உச்சிப் பக்கம் போனதே இல்லை. மூன்றாம் மாடியில் அது ஏறியது. நான்கில் சட்டை நனைந்தது. ஐந்தில், இனி ஏற இடமில்லை என்பதுபோல் நின்றது. அப்புறம், யாரும் எதுவும் செய்யாமலே, உடம்புக்குள் எங்கோ ஒரு பிடி தளர்ந்தது. சுண்ணாம்புக் கோடு தன் எலும்புக்குள் உயிரோடு நகர்வதை வாய் பிளந்து கவனித்தார்.

"இறங்குதும்மா."

"இல்ல சார், ஏறிட்டுத்தான் இருக்கு. ஆறு வந்தாச்சு."

"இறங்குது. தானா இறங்குது. நான் ஒண்ணுமே பண்ணல."

அவள் எண் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். படித்தவர்களுக்கு மேல் கீழ் தெரியாமல் போவது அவளுக்குப் புதிதல்ல.

எட்டாம் மாடியில் தங்கையைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள்.

"லிஃப்டுலயா வந்த? நீயா?" அவர் விரலைப் பிடித்தாள். "பயமா இருக்குண்ணா."

"இருக்கும். ஏறும். ஓடாம இருந்தா இறங்கிடும்."

"அவ்வளவுதானா? பெரிய வார்த்தை எதுவும் இல்லியா?"

"இருக்கு. தேவைப்படல."

பிடித்திருந்த விரலை விட்டாள். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"தள்ளுங்க சிஸ்டர், போலாம்."