இடப்பக்கத்து உயரம்

என் மகன் நிரோஜனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், பாரிஸ் லாச்சப்பலில் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் பார்க்கிங்குக்கு இறங்கினேன். அவன் ஆசையாசையாகத் தரையை ஒட்டத் தாழ்த்தி வைத்த பழைய பிக்கப் வண்டி அங்கே நின்றது. அதை வாங்க ஒருவன் வருகிறான். பார்த்தால், இடப்பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்திருக்கிறது! இந்தச் சாய்வுகூடத் தெரியாமலா இத்தனை ஞாயிறுகளை இதற்குள் கொட்டினான்? செத்தவன்மேல் எரிச்சல் வந்தது. ஜாக்கி வைத்து, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகி இறக்கி, இரு பக்கத்தையும் மட்டமாக்கினேன்.

சாப்பிடக் கூப்பிட வந்த மகள் லக்சிகா திகைத்து நின்றாள்.

"என்னப்பா செய்தனீங்கள்? அண்ணா தன்ரை பாரத்துக்குச் சரியா அரிசி மூட்டையளை இடப்பக்கத்து றைவர் சீற்றிலை அடுக்கிப்போட்டெல்லோ உயரம் வைச்சவர். அவர் ஏறி இருந்தால்தான் அது நேரா நிக்கும். பழையபடி வையுங்கோ."

"எத்தினை மூட்டை வைச்சவன்?"

"தெரியேல்லை. அண்ணா எத்தினை கிலோ அப்பா?"

ஸ்பானரை நிலத்தில் அடித்தேன். வளர்ந்த பிள்ளையின் எடை எந்தத் தகப்பனுக்குத் தெரியும்? அவன் பிறந்த அன்று தாதி நிறுத்துச் சொன்ன மூன்றேகால் கிலோதான் எனக்குத் தெரியும்.