அரிசிக்கடை சுல்தானின் ராச்சாப்பாடு

மூன்று மாதமாக அமீருன்னிசாவின் வீட்டில் மிளகாய் கிடையாது. வற்றலும் இல்லை, பச்சையும் இல்லை. மிளகாய்த்தூள் டப்பாவைக் கழுவி, வெயில் வந்த ஒருநாள் காயவைத்து, பரணில் ஏற்றியாகிவிட்டது. அவள் தாளித்தால் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் அந்தச் சந்து முழுக்கத் தும்மும் என்று பேரெடுத்தவள் அவள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். காரமில்லாப் பண்டம் எங்கே போகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. இந்த வீட்டில் அது சுல்தானின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரு கால்விரலுக்காக. சுல்தானுக்குச் சர்க்கரை. புதுச் செருப்பு கடித்து வலதுகால் விரலில் வந்த சின்னப் புண், ஆறுவேனா என்று உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டர் லாவண்யா மருந்து வைத்துக் கட்டினார், மாத்திரை எழுதினார். கிளம்பும் நேரத்தில் ஒரே ஒரு புத்தி சொன்னார். காரத்தைக் கம்மி பண்ணச் சொல்கிறார் என்று புருஷன் பெண்டாட்டி இருவரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். வந்த அன்றைக்கே அமீருன்னிசா தூள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள்.

அவருக்குத்தானே பத்தியம், அவள் தின்றால் என்ன என்று கேட்பீர்கள். சுல்தானும் கேட்டார். "நீங்க அங்கிட்டு சப்புன்னு தின்னுக்கிட்டிருப்பீங்க, நான் இங்கிட்டு மிளகாயக் கடிச்சுக்கிட்டு இருக்கவா? நல்லாருக்கும் நாயம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளும் தொடவில்லை. நாக்கு செத்துப்போயிற்று. மார்கழிக் குளிரில், வெளியே மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு குழம்பை ஊற்றித் தின்பது என்ன கொடுமை என்று மலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

காரமில்லாத குழம்பு தானாக இறங்காது. சோறுதான் அதை இழுத்துக்கொண்டு போகவேண்டும். அதனால் தயிரை ஊற்றி, பருப்பை ஊற்றி, "இன்னும் ரெண்டு கரண்டி வச்சுக்கங்க, காரம்தான் இல்லையே" என்று அவளே அள்ளி அள்ளி வைத்தாள். சுல்தானுக்குக் கசக்குமா? கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருப்பவர் அவர். மூட்டையில் கைவிட்டு நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றாரானால், எந்தப் பக்கத்து நெல், எவ்வளவு பழசு, வடித்தால் ஒட்டுமா ஒட்டாதா என்று சொல்லிவிடுவார். சோறு இல்லாத எதுவும் அவருக்குச் சாப்பாடு ஆகாது. அட்டுவம்பட்டியில் தங்கை உம்மு ஹபீபா வீட்டில் பரோட்டாவாக அடுக்கிவிட்டு வந்து, "இன்னும் சாப்பிடல புள்ள" என்று தட்டைப் போட்டவர்.

இப்படியிருக்கையில்தான் மறுபடி காட்டப் போனார்கள். டாக்டர் லாவண்யா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், கட்டைப் பிரித்து விரலைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். முகம் சரியில்லை.

"போன தடவைக்கு ஏறித்தான் இருக்கு சார். கார்ப் கம்மி பண்ணச் சொன்னேனே, பண்ணீங்களா இல்லையா?"

அமீருன்னிசா முந்திக்கொண்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் மூன்று மாதமாகக் காத்திருந்தாள். "கம்மியா? அறவே நிறுத்திட்டோம் டாக்டரம்மா. வீட்டுல மருந்துக்குக்கூட ஒரு மிளகா கெடையாது. நானும் தொடுறதில்ல."

டாக்டரின் பேனா நின்றது. "மிளகாயா?"

"நீங்கதானே சொன்னீங்க, காரம் கம்மி பண்ணுங்கன்னு."

டாக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விரலைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "ஐயோ அம்மா. நான் சொன்னது காரம் இல்ல, கார்ப். மாவுச்சத்து. சோறு, இட்லி, தோசை, உருளைக்கெழங்கு, இதையெல்லாம். தமிழ்லயே சொல்லித் தொலைச்சிருக்கணும். என் தப்பு."

சுல்தான்தான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப காரம்?"

"காரத்துக்கும் சக்கரைக்கும் சம்பந்தமே இல்ல. வயிறு தாங்குனா சாப்பிடுங்க."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. "அப்ப சோறு?"

"அதத்தான் சார் விடணும். முதல்ல ராத்திரிச் சோற நிறுத்துங்க. கறி, முட்டை, காய்னு வயிறு நெறையச் சாப்பிடுங்க. மாத்திரைய அதுக்குத் தக்கன மாத்தி எழுதுறேன். அடுத்த மாசமும் இப்படியே இருந்துச்சுன்னா மதுரைக்கு அனுப்பி விரல எடுக்குறாப்புல ஆயிரும்."

அமீருன்னிசாவுக்கு நம்ப முடியவில்லை. "சோறு இனிக்கவே இனிக்காதேம்மா. அதுல எங்கிட்டு இருக்கு சக்கரை?"

"ஒரு வாய்ச் சோத்த முழுங்காம மென்னுக்கிட்டே இருந்து பாருங்க."

"இனிக்கும்" என்றார் சுல்தான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்ல அரிசின்னா மெல்ல மெல்லக் கடைசியில ஒரு இனிப்பு வரும். அத வச்சுத்தான நான் வெலையே சொல்றேன்."

வாழ்நாள் முழுக்க ஒரு மனுஷன் நாக்கில் வைத்து எடைபோட்ட ருசி, அவர் காலுக்குள் இறங்கி விரலைத் தின்றுகொண்டிருக்கிறது. அமீருன்னிசாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அல்லாஹ்வே, ஒரு பருக்கைக்குள் இவ்வளவையும் ஒளித்துவைத்தாயா என்று நினைத்தாள். அடுத்த நொடியே இன்னொன்றும் நினைத்தாள்: அதை அள்ளி அள்ளி வைத்தது யார் கை?

அவரைக் கடையில் விட்டுவிட்டு அவள் மட்டும் கடைத்தெருவில் நடந்தாள். வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, யார்மேலாவது கோபப்பட்டால் தேவலை போலவும் இருந்தது. டாக்டர்மேல் கோபப்படலாம் என்றால் அந்தப் பெண் தானே தப்பை ஒத்துக்கொண்டு அதையும் கெடுத்துவிட்டது. மாட்டுக்கறிக்கடை ஷபீரிடம் போய் நின்றாள்.

"பெரிய கறி குடுப்பா. தொடைக்கறியாப் பாத்து, கொழுப்பக் கழிச்சுப் போடு. வெரசா, சோலி கெடக்கு."

"விசேஷமாக்கா?"

"ஆமா, விசேஷந்தான்." பக்கத்துக் கடையில் வற்றல் மிளகாய் வாங்கும்போது கை தானாக இரண்டு பங்கு அள்ளியது.

வீட்டுக்கு வந்ததும் கறியைச் சின்னச் சின்னதாக நறுக்கினாள். இஞ்சி, பூண்டு, உப்பு, மஞ்சள், அவ்வளவுதான். கையால் பிசறிக் குக்கரில் போட்டு, தண்ணீரே ஊற்றாமல், சிறுதீயில் வைத்தாள். மலையில் எதுவும் சட்டென்று வேகாது; கீழே பழனியில் வைக்கிற விசிலைவிட இரண்டு கூட வைக்கவேண்டும். திறந்து பார்த்தபோது கறி தன் தண்ணீரிலேயே முங்கிக் கிடந்தது. எத்தனையோ முறை பார்த்ததுதான். இன்றைக்கு என்னவோ அடுப்பருகே நின்று அதையே பார்த்தாள். யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை, உள்ளே இருந்ததே வந்து அதை வேகவைத்துவிட்டது.

பிறகு இரும்பு வாணலி. எண்ணெய் காய்ந்ததும் சோம்பு, கறிவேப்பிலை, முழுசாய் உரித்த சின்ன வெங்காயம். கடைசியில் வற்றல் மிளகாயைக் கிள்ளிப் போட்டாள். அந்த நெடி எழும்பி முகத்தில் அடித்தது பாருங்கள், அமீருன்னிசா பத்து தும்மல் தும்மினாள். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், வாயிலும் தண்ணீர். சந்துக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். "வந்துட்டியா, வா வா" என்று மிளகாயிடம் வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தாள். கறியைச் சாறோடு கொட்டி, சாறு வற்றி ஒவ்வொரு துண்டும் கறுத்து மினுங்குகிறவரை கிண்டினாள். இறக்கும்போது மிளகைத் தட்டித் தூவினாள். இன்னொரு அடுப்பில் வடகவுஞ்சியிலிருந்து வந்த பீன்ஸும், கொல்லைப் பந்தலில் பறித்த, சௌசௌ என்கிற மேரக்காயும் தேங்காய்ப்பூவோடு வெந்தன.

சமையல் முடிந்துவிட்டது. முடிந்ததாக மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அரிசிக்காரன் வீட்டில் ராத்திரி உலை கொதிக்காமல் இருந்ததே இல்லை. உலை வைக்காத வீட்டில் பரக்கத்து தங்காது என்பது அவள் மாமியார் வீட்டு வழக்கம். மய்யித்து விழுந்த வீட்டில்தான் அடுப்பு அணைந்து கிடக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மனுஷன் பாதித் தட்டில் எழுந்து போய்விட்டால்? ஒரு பிடி, ஒரே ஒரு பிடி சீரகச் சம்பாவைக் களைந்து சின்னப் பானையில் வடித்தாள். அடுக்களை மூலையில் வைத்து, மேலே துணி போட்டு மூடினாள். தான் இனிமேல் ராத்திரியில் சோறு தொடுவதில்லை என்று அப்போதே முடிவும் செய்துகொண்டாள்.

மஃரிப் தொழுதுவிட்டு சுல்தான் பாயில் உட்கார்ந்தார், கட்டுப்போட்ட காலை ஒருபக்கம் நீட்டிக்கொண்டு. தட்டைப் பார்த்தார். ஓரத்தில் கறி, எதிரோரத்தில் காய். நடுவில் எவர்சில்வர் பளபளத்தது.

"மலைய எடுத்துட்ட கொடைக்கானலாட்டம் கெடக்கு புள்ள" என்றார்.

"பேசாமத் தின்னுங்க."

பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். காது மடல் சிவந்தது. கண் நிறைந்தது. "யா அல்லாஹ்" என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த துண்டை எடுத்தார். "இத விட்டுட்டா புள்ள மூணு மாசம் கெடந்தோம்?" என்று கேட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் கறியைத் தின்றார், காயைத் தின்றார், எலும்பில்லாத கறியிலும் எதையோ தேடி விரலைச் சப்பினார். எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அதற்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு அது தட்டின் நடுவுக்குப் போயிற்று. பிசைவதற்காக விரல்களைக் குவித்தது. ஒன்றும் அகப்படாமல் திரும்பிவந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அமீருன்னிசா கவனித்தாள்.

அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு கை கழுவ அடுக்களைக்குள் போனார். குழாய் மூலையில்தான் இருக்கிறது. பானையும் அந்த மூலையில்தான். அவளுக்குச் சுரீர் என்றது. எழுந்து ஓடினாள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

துணியை எடுத்துவிட்டிருந்தார். மூடியும் அவர் கையில் இருந்தது. ஆவி எழுந்து அவர் தாடியில் படிந்தது. மூக்கைப் பானைமேல் நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். அவர் ஒரு பருக்கையை எடுத்தார். விளக்குக்கு நேராகப் பிடித்தார். இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்தார், கடையில் செய்கிற மாதிரியே. அந்த விரல் வாய்க்குப் போகிற வழியைத் தவிர அமீருன்னிசாவுக்கு உலகத்தில் வேறொன்றும் தெரியவில்லை. அது வாய்க்குப் போகவில்லை. கைலியில் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் தட்டு ஒன்றை எடுத்தார். பானைச் சோறு முழுவதையும் வழித்து அதில் கொட்டினார். வாணலியில் ஒட்டியிருந்த மசாலாவைச் சுரண்டிப் போட்டு, மிச்சக் கறியையும் வைத்து, திரும்பியபோதுதான் அவளைப் பார்த்தார்.

"இங்கனதான் நிக்கிறியா? உக்காரு."

"நான் இனிமே ராத்திரிக்குச் சோறு தின்னப்போறதில்லங்க."

"ஏன்? உனக்கா சக்கரை?" குரல் உயர்ந்தது. "எனக்காக மிளகாய விட்டது போதும். எங்கூடச் சேந்து நீயும் வெறுந்தட்டத் தடவாத. உக்காரு புள்ள."

உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் தின்று முடித்த பிறகே தின்றவள் அவள். அவர் கை ஒருநாளும் அவள் தட்டில் எதையும் வைத்ததில்லை. இன்றைக்கு வைத்தார். வைத்துவிட்டு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் பிசைந்தாள். முதல் வாய் உள்ளே போகவில்லை. இந்தக் கொடைக்கானலில் தூண்பாறையைப் பார்த்திருக்கிறாள், அத்தனை பள்ளத்தையும் பார்த்திருக்கிறாள், எதைப் பார்த்தும் இப்படி மலைத்ததில்லை. எதிரில் இருப்பவர் யார் என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"அழுதுக்கிட்டே தின்னா ஒடம்புல ஒட்டாது" என்றார்.

அவள் தின்றாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மகளை ஏற்றிவிட்ட பஸ் வளைவில் மறைகிறவரை ரோட்டில் நிற்கிறவரைப் போல, ஒவ்வொரு கவளமும் அவள் வாய்க்குள் போகிறவரை பார்த்தார். அவர் தொண்டை அவள் விழுங்கும்போதெல்லாம் ஏறி இறங்கியது. நடுவில் ஒருமுறை, "பழைய அரிசி. உதிரி உதிரியா நிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

கடைசிப் பருக்கையும் போயிற்று. அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவள் எழுவதற்குள் குனிந்து தட்டை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கும் இப்படி எதுக்கால உக்காந்து தின்னு" என்றார். "நான் பாத்துக்கிறேன்."